ஏரி திறக்கும் வரை

விழுப்புரம்
18-11-1985

அன்புள்ள மாமா ராயப்பன் அவர்களுக்கு,

தேவசகாயம் எழுதுவது. நான் சுகம். நீங்கள், அக்கா, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும்.

ஏரி நமக்கு வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு மீன்பாசிக் குத்தகை நம் காலனிச் சங்கத்தின் பேரில். உத்தரவை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். இனிமேல் பழைய குத்தகைக்காரர் பெரியதம்பிக்கு வலை இழுத்துக் கொடுத்துவிட்டு, அவர் கழித்துப் போடும் பொடி மீனை மடியில் கட்டிக்கொண்டு வர வேண்டாம். ஆனால் கொண்டாட்டத்தைத் தள்ளி வையுங்கள். ஏரியை வாங்கிவிட்டோம், வைத்திருக்க நமக்குத் துப்பு இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

அடுத்த மாதம் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை ஆக்சிஜன் பையில் அடைத்து வண்டியில் அனுப்புவேன். பையை உடனே பிரித்துக் கொட்டாதீர்கள். அப்படியே ஏரியில் மிதக்க விடுங்கள். உள் தண்ணீரும் வெளித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு வாயைத் திறந்தால் குஞ்சு தானாகப் போகும். அவசரப்பட்டால் செத்து மிதக்கும்.

ஆனியில் தண்ணீர் வற்றும்போது ஏரியைத் திறக்கலாம். அதுவரை வலை, தூண்டில் எதுவும் கூடாது. மீறினால் என்ன தண்டனை என்று நீங்களே கூட்டம் போட்டு முடிவு பண்ணுங்கள். எங்கள் மீன்வள ஆபீஸ் போடும் தண்டனைக்கு நம் ஆட்கள் பயப்பட மாட்டார்கள். ஊர் போட்டால் பயப்படுவார்கள். சங்கத்துக்குத் தலைவராக உங்களைச் சொன்னது அக்கா புருஷன் என்பதற்காக இல்லை. காலனியில் ஆறாவது வரை படித்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
தேவசகாயம்


இயேசு மரி சூசை துணை

நாவலேரி காலனி
பெருமுக்கல் அஞ்சல்
9-12-1985

பிரியமுள்ள மச்சான் தேவசகாயத்துக்கு ராயப்பன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் அக்காவும் பெரியவளும் சின்னவனும் சுகம். சின்னவன் தவழ ஆரம்பித்துவிட்டான். அடுப்பு, கோழி, சாணி எதையும் விடுவதில்லை. "அவங்க மாமன் மாரியே அவசரம்" என்கிறாள் உன் அக்கா. உன் சுகத்தை நீ ஒரே சொல்லில் முடித்துவிட்டாய் என்று அவளுக்குக் குறை. "ஒழுங்கா சாப்புடறானா, ஓட்டல்ல காஞ்சி கெடக்கறானான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

குஞ்சு வந்தது. நீ சொன்னபடி பையை மிதக்க விட்டோம். காலனியே கரையில் நின்று பார்த்தது. பெரியதம்பி சைக்கிளில் வந்து, ஒரு காலைக் கரையில் ஊன்றிக்கொண்டு, "ஏண்டா ராயப்பா, துன்றவன் கையிலயே சோத்துப் பானைய குட்துகிறானுங்க. ஒரு கோடைக்கு நிக்குமாடா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

அன்றைக்கே மாதா கோவில் வாசலில் கூட்டம். வீட்டுக்கு வீடு முறைக்காவல் என்று முடிவானது. இரண்டு வீட்டு ஆட்கள் சேர்ந்துதான் காக்க வேண்டும். "ஒத்த ஆளுன்னா கண்ண மூடிக்குவான்" என்றான் பச்சைமுத்து. மீன் எடுத்தவருக்கு ஊர்க்கட்டு. ஏரி திறக்கும் வரை காலனியில் இருக்கக் கூடாது. நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது. பேசினவருக்கும் அதே கட்டு. அபராதம் போதுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "துட்டு இருக்கறவன் கட்டிட்டு மீன் துன்னுவான்" என்று தள்ளிவிட்டார்கள்.

பெண்டுகள் ஒன்று கேட்கிறார்கள். கோடையில் கரையோரச் சேற்றில் கை விட்டுத் தடவிக் குரவை, கெளுத்தி பிடிப்பது அவர்களுக்கு எப்போதும் உள்ள வழக்கம். அது நாம் விட்ட மீன் இல்லையே, தானாகக் கிடப்பதுதானே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கேட்டவர்களில் உன் அக்காவும் உண்டு. யோசித்து எழுது.

உன் சுகத்தையே நாடும்,
ராயப்பன்


விழுப்புரம்
14-12-1985

அன்புள்ள மாமா,

சுகம். ஓட்டலில்தான் சாப்பிடுகிறேன், காயவில்லை என்று அக்காவிடம் சொல்லவும்.

குரவை கூடாது. விஷயம் தெரிந்துதான் சொல்கிறேன். குரவையைப் பிடித்தால் ஏரிக்கு லாபம். நாம் விட்ட குஞ்சுக்கு எமனே அதுதான். வாய்க்கு அடங்குவதை எல்லாம் விழுங்கும். முதலில் அதை ஒழி என்றுதான் எங்களுக்குப் பாடமே. ஆனால் சேற்றில் கை விட்டவளுக்கு எது அகப்படும் என்று யார் கண்டது? இன்றைக்குக் குரவை. நாளைக்கு "கொரவன்னு நெனச்சேன்". நாளன்றைக்கு முந்தானைக்குள் கட்லா. ஏரிக்குள் யார் கையும் போகக் கூடாது. ஒரே வரி. சட்டம் அப்படி இருந்தால்தான் நிற்கும். குரவை எமன் என்கிற கதையை அங்கே மூச்சு விடாதீர்கள். ஆளாளுக்கு எமனைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி சுக விசாரிப்பு. எனக்கு ஏரியைப் பற்றி எழுதுங்கள். தண்ணீர் நிறம், மீன் துள்ளுகிறதா, யாராவது மீறினார்களா, இவ்வளவு போதும்.

தேவசகாயம்


இயேசு மரி சூசை துணை

நாவலேரி காலனி
11-3-1986

பிரியமுள்ள மச்சானுக்கு ராயப்பன் எழுதிக்கொள்வது. பிள்ளைகள் சுகம். உன் அக்கா இன்றைக்குச் சுகமாக இருக்கிறாள்.

தண்ணீர் பச்சையாக இருக்கிறது. காலையில் மீன் துள்ளும் சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது. தபசு காலம் என்பதால் காலனியில் யாரும் கறி எடுப்பதில்லை. துள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மல்லாட்டைத் துவையலைத் தொட்டுக்கொண்டு கூழ் குடிக்கிறோம்.

ஒரு பெண்பிள்ளை மீன் எடுத்துவிட்டாள். முறைக்காவலில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் வேறு. எடுத்தது ஒரு குரவை. கட்லா இல்லை, ரோகு இல்லை. அவள் மறுக்கவும் இல்லை. ஊர் இரண்டாகப் பேசுகிறது. குரவைக்கெல்லாம் கட்டா என்று பாதிப் பேர். இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஏரி பெரியதம்பிக்குப் போகும் என்று பாதிப் பேர். உன்னைக் கேட்டு, நீ எழுதுவதைக் கோவில் வாசலில் படிப்பது என்று முடிவாகியிருக்கிறது. நீ முகம் பார்க்கக் கூடாது என்பதால் பெயர் எழுதக் கூடாதென்பது கட்டளை. இதை எழுதும்போது பச்சைமுத்து பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

கைப்பிள்ளைக்காரி. பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லை.

மச்சான், ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்து எழுது. வீட்டில் எல்லாரையும் மனதில் வைத்து எழுது.

ராயப்பன்


விழுப்புரம்
14-3-1986

மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சட்டம் போட்டது நான் இல்லை, நீங்கள் எல்லாரும் சேர்ந்து போட்டது. முதல் ஆள் மாட்டியதும் கை நடுங்கினால் அது சட்டமா, சந்தைப் பேச்சா?

எந்தப் பெண்பிள்ளையாக இருந்தால் எனக்கென்ன. என்ன மீனாக இருந்தால் என்ன. ஏரிக்குள் கை போனது. அவ்வளவுதான். கைப்பிள்ளைக்காரி என்கிறீர்கள். காலனியில் கைப்பிள்ளை இல்லாத வீடு எது? பிள்ளையைக் காட்டித் தப்பிக்கலாம் என்றால் அடுத்த வாரம் ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரியில் இறங்குவார்கள். நம் ஜனத்துக்கு ஒன்றைக் கட்டிக் காக்கத் தெரியாது என்று பெரியதம்பி சிரித்தாரே, அதை நிரூபிக்கத்தான் இவ்வளவு பாடா?

அவளை இன்றைக்கே வெளியேற்றுங்கள். முடியாதென்றால் தலைவர் பதவியைப் பச்சைமுத்துவிடம் கொடுத்துவிடுங்கள். அவனுக்காவது முதுகெலும்பு இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படிக்கலாம்.

தேவசகாயம்


நாவலேரி காலனி
2-4-1986

மச்சானுக்கு,

நானும் பெரியவளும் சின்னவனும் இருக்கிறோம்.

உன் கடிதத்தைக் கோவில் வாசலில் நானே படித்தேன். ஒரு வரி விடவில்லை. கை தட்டினார்கள். நீ சொன்னபடி நடந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏரிப் பக்கம் ஒரு கொக்குகூட இறங்க யோசிக்கிறது.

பாஸ்கா திருநாள் வந்தது, போனது. சின்னவனுக்குப் பால் மறக்கடித்தாயிற்று. கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுக்கிறேன். பாதி துப்புகிறான்.

ராயப்பன்


விழுப்புரம்
21-4-1986

மாமா,

நேற்று வளவனூர் போயிருந்தேன், குஞ்சு வளர்க்க ஒரு குட்டை பார்க்க. ரோட்டோரம் கரும்பு லாரி நின்றது. பெண்கள் தலையில் கட்டோடு பலகை மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என் அக்கா.

"அக்கா" என்றேன். கட்டைப் போட்டுவிட்டு இறங்கினாள். என்னை நேராகப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம், "ஏண்டி சின்னபொண்ணு, அந்த ஆள ஓரமா நிக்கச் சொல்லு. கரும்புச் சோகை கண்ணுல குத்திடப் போவுது" என்றாள்.

கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். அந்தச் சின்னபொண்ணு வளவனூர்க்காரி. "இன்னாம்மே இது, தம்பின்ற, பேச மாட்டேன்ற. சொத்துத் தகராறா?" என்றாள்.

"சொத்து ஒண்ணுதான் கொறச்சல். எங்க ஊர்ல எனக்குக் கட்டு. அவரும் எங்க ஊருதான். என்னோட பேசினா அவருக்கும் கட்டு உழும். உத்தியோகத்துல கீற புள்ள, பேஜாராப் பூடும்னு சொல்லு."

வேறு வழியில்லை. நானும் சின்னபொண்ணிடமே கேட்டேன். "என்ன மீன் எடுத்தாள் என்று கேளுங்கள்." சுற்றி இருந்த கூலிக்காரிகள் சிரித்தார்கள்.

"கொரவ. ஒரே ஒரு கொரவைன்னு சொல்லுடி."

"பசியா? பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"பசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. துணி அலசிக்கினு இருந்தேன். காலுல மீனு இடிச்சிது. குனிஞ்சேன். அதான் நடந்திச்சி."

அவள் ரவிக்கையும் மாராப்பும் நனைந்து ஒட்டியிருந்தன. இப்படி வேர்க்கிறதே, தண்ணீர் குடிக்கச் சொல் என்றேன். சின்னபொண்ணு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச ஆளுதானே நீ? அது வேர்வையா?" என்றாள். மேஸ்திரி கத்தினான். அக்கா அடுத்த கட்டுக்குப் போய்விட்டாள்.

ஏன் பெயர் எழுதவில்லை? யார் சொன்னால் என்ன, ஒரு எழுத்து போட்டிருக்கலாமே! உடனே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். குரவையைக் கொன்றதற்குச் சங்கம் அவளுக்கு மாலை போட வேண்டும். அது குஞ்சுக்கு எமன் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

தேவசகாயம்


இயேசு மரி சூசை துணை

நாவலேரி காலனி
5-5-1986

மச்சானுக்கு ராயப்பன் எழுதிக்கொள்வது. பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ சுகமாக இருக்க வேண்டும்.

எழுதி எழுதிக் கிழித்தேன். அன்றைக்கு முறைக்காவல் என் வீடும் பச்சைமுத்து வீடும். மதகு மேல் உட்கார்ந்திருந்தோம். அவள் குனிந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். பச்சைமுத்து அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும் என்று அவனிடம் பீடி கேட்டேன். அவன் பீடியைக் கொடுத்து, நெருப்பும் பற்ற வைத்துவிட்டு, "அது ஒன் ஊட்டுக்காரி அம்மணிதானே ராயப்பா?" என்றான்.

உன்னைக் கேட்கலாம் என்று கூட்டத்தில் சொன்னதே அவள்தான். "எந்தம்பி படிச்சவன். கொரவைக்கா கட்டு போடறீங்கன்னு நாலு வார்த்த நாக்கப் புடுங்கற மாரி எழுதுவான் பாரு" என்று சிரித்துக்கொண்டு நின்றாள். பெயர் இல்லாமல் எழுதுவது என்று ஊர் சொன்னபோதும், "எழுதுங்க, எழுதுங்க" என்றாள். நான் பச்சைமுத்துவுக்குத் தெரியாமல் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு எழுதினேன். வீட்டுச் சுகத்தைப் படிக்கிற ஆளாக நீ இருந்திருந்தால் கைப்பிள்ளைக்காரி என்ற இடத்திலாவது நின்றிருப்பாய்.

உன் பதிலைப் படித்தபோது அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "எந்தப் பெண்பிள்ளையாக இருந்தால் எனக்கென்ன" என்ற வரிக்கு எழுந்து, துணி மூட்டை கட்டப் போய்விட்டாள். மிச்சத்தை ஊர்தான் கேட்டது. கைப்பிள்ளையோடு போனால் மேஸ்திரி சேர்த்துக்கொள்ள மாட்டான் என்று சின்னவனை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அவன் கத்தினான். கூப்பிட்டால் பேசினதாக ஆகிவிடும் என்று நான் கூப்பிடவில்லை.

இப்போது குரவை எமன் என்கிறாய். அதை இங்கே மூச்சு விடாதே என்றதும் நீதான். நான் இப்போது சொன்னால் பெண்டாட்டிக்காகக் கதை கட்டுகிறான் என்பார்கள். நீ வா. கோவில் வாசலில் நின்று, குரவை பிடிப்பதால் ஏரிக்கு நல்லதுதான், அதையும் சேர்த்துத் தடுத்தது என் தப்பு என்று நீ ஒரு வார்த்தை சொல். ஊர் உன் வாய்க்குக் கட்டுப்படும். பெருமுக்கல் வரை பஸ் இருக்கிறது. அங்கிருந்து நான் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

ராயப்பன்


விழுப்புரம்
9-5-1986

மாமா,

சுகம். நான் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள்.

இப்போது வர முடியாது. ஏரி திறக்கும் அன்று மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். ஜனங்களே காவல் காத்து, ஜனங்களே தண்டித்து நடத்தும் ஏரி என்று நான் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு வருகிறார்கள். நன்றாக நடந்தால் இதே மாதிரி இன்னும் பல ஏரிகளைக் கூலி ஜனங்களிடம் கொடுப்பார்கள். என்னையும் மேல்படிப்புக்குக் கல்கத்தா பக்கம் அனுப்புவார்கள், அதை மறைப்பானேன். இந்த நேரத்தில் நான் வந்து சட்டம் தப்பு என்றால் மறுநாளே காலனி முழுக்கச் சேற்றில் இறங்கும். தண்ணீர் குறைந்த ஏரி, ஒரே நாளில் காலியாகும்.

திறப்பதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அக்கா கூலி வேலைக்குப் புதிதில்லை. திறந்ததும் கட்டு தானாக அவிழும். பிறகு நான் வந்து அவளிடம் பேசிக்கொள்கிறேன். சின்னவனுக்குக் கூழோடு பயறு சேர்த்துக் கொடுக்கவும்.

தேவசகாயம்


இயேசு மரி சூசை துணை

நாவலேரி காலனி
30-6-1986

மச்சானுக்கு ராயப்பன் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் சுகம். எல்லாரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்துப் படி.

திறப்பு நாளில் நீயே இருந்தாய், அதனால் மீனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அதிகாரிகளுக்கு நீ இங்கிலீஷில் சொன்னது என்ன என்று காலனியில் இன்னும் கேட்கிறார்கள். பெரியதம்பி வந்து கரையில் நின்று, சிரிக்காமல் போனார். அது ஒன்றே போதும் என்கிறான் பச்சைமுத்து.

உன் அக்கா எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். முதல் வலை கரை ஏறும் வரைக்கும் கட்டு. நீ அவளைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று எழுதாதே, நான் உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே, கரைக்கு வந்துகொண்டிருந்த வலையிலிருந்து ஒரு கட்லாவை வாலைப் பிடித்துத் தூக்கி அதிகாரி பக்கம் திரும்பிக்கொண்டாய். வலை ஏறிய பிறகு அவள் உள்ளே வந்தபோது உங்கள் ஜீப் கிளம்பிவிட்டது.

சின்னவன் அவளிடம் போகவில்லை. வீறிட்டு அழுது பெரியவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தக் கையாலேயே வலையை இழுக்கப் போய்விட்டாள்.

பங்கு பிரித்து முடிந்ததும் கூட்டத்தில் எழுந்து, "வர்ற வருஷம் காவலுக்கு நான் தலைமையா நிக்கறேன். எவளுக்கு எங்க கால்ல மீன் இடிக்கும்னு என்னவிட எவளுக்குத் தெரியும்?" என்றாள். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கொடுத்துவிட்டார்கள்.

குரவையைப் பற்றி நீ முதலிலேயே எழுதியிருந்ததை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். "அப்பவே தெரியுமா அவனுக்கு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். சோறு போட்டாள். நீ வந்து பேசிக்கொள்வதாக எழுதினாயே, வா.

ராயப்பன்


விழுப்புரம்
16-2-1987

பேரன்புள்ள மாமா அவர்களுக்கும், பாசமுள்ள அக்காவுக்கும், செல்லங்கள் இருவருக்கும் தேவசகாயத்தின் அன்பு வணக்கங்கள்.

நான் இங்கு நல்ல சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். சின்னவன் நன்றாக ஓடுகிறானா? பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாளா? அக்காவுக்கு முழங்கால் வலி இருக்குமே, கரையில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். பொங்கலுக்கு வர நினைத்தேன், கணக்கு முடிக்கும் வேலையில் வர முடியாமல் போயிற்று. மாமாவுக்கு இருமல் தேவலையா? பீடியைக் குறைக்கவும்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் மேலதிகாரி வீட்டில் கல்யாணம். மறுவிருந்துக்கு மீன். அவர் கேட்கவில்லை. எங்கள் ஏரிக் கட்லாவைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று நானே வாய்விட்டுவிட்டேன். கல்கத்தா படிப்புக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷம் வளர விட்டுவைத்த பெரிய மீன்கள் மதகடி மடுவில் கிடக்கும். அதில் இரண்டு போதும். பனையோலையில் சுற்றித் திண்டிவனத்தில் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் நான் இங்கே வாங்கிக்கொள்வேன். இவ்வளவு பெரிய ஏரிக்கு இரண்டு மீன் ஒரு பொருட்டா? சட்டம் ஊராருக்கு. ஏரியையே வாங்கிக் கொடுத்தவனுக்கு இரண்டு மீன் இல்லையா?

அக்காவிடம் சொல்ல வேண்டாம். மறக்காமல் செய்யவும், மாமா. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
தேவசகாயம்


நாவலேரி காலனி
10-3-1987

தேவசகாயத்துக்கு, அம்மணி சொல்லச் சொல்ல, பால்வாடி டீச்சர் கெங்கம்மாள் எழுதுவது. டீச்சர் வெளியூரு. அதனால எழுதினா அவங்களுக்குக் கட்டு இல்ல.

நாங்க சொகம். ஒன் சொகத்த நான் கேக்கல.

ஒன் மாமா விடியக்காலம் மதகடியில எறங்கினாரு. என்னோட காவலுக்கு இருந்த சவுரியம்மா, புள்ளைக்கிக் காய்ச்சல்னு ஊட்டுக்குப் பூட்டா. நான் ஒருத்திதான். மனுசன் வலைய இழுத்துக் கரையில போட்டாரு. ரெண்டு கட்லா. நெறமாசக்காரி மாரி வயிறு.

"யாருக்கு?"ன்னேன்.

"ஒந்தம்பிக்கி. அதிகாரி ஊட்டு விருந்தாம். சத்தம் போடாத அம்மணி, உசுரோடதான் கீது, திருப்பி வுட்டுடறேன்."

"வுட்டாலும் எட்த்தது எட்த்ததுதான்."

"யாரும் பாக்கலடி. பச்சமுத்துகூட இல்ல."

"நான் பாத்தேன் இல்ல?"

வுட்டுருக்கலாம். வுட்டுடலாம்னு எனக்கும் தோணிச்சி. அப்பறம் கத்தினேன். காலனியே எழுந்து வந்திச்சி.

கூட்டத்துல பெரியவ என் காலப் புடிச்சிக்கினு, "யம்மா வுட்ருமா, யப்பாவ வுட்ருமா"ன்னு அழுதா. சின்னவன் அவரு இடுப்ப வுட்டு எறங்கல. நான்தான் பிரிச்சி எட்த்தேன். என் கையக் கடிச்சிட்டான். எம்மூஞ்சியப் பாக்காமத்தான் சோறு துன்றான். துன்னட்டும்.

அந்த ரெண்டு மீனையும் குழி வெட்டிப் பொதச்சோம். யாரும் துன்னல.

அவரு இப்ப வளவனூருல கரும்பு தூக்கறாரு. அதே மேஸ்திரி. எட்த்தவனுக்குக் கட்டு போட்டா போதும்னு பச்சமுத்து சொன்னான். எட்த்துக் குடுன்னு கேட்டவனுக்கும் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். இவ்ளோ செஞ்ச புள்ளயாச்சேன்னாங்க. எந்தப் புள்ளயா இருந்தா எனக்கின்னான்னேன். ஏரி தொறக்கற மட்டும் நீ இந்த எல்லைக்குள்ள கால் வெக்காத. கடுதாசி போட்டா பிரிக்க மாட்டோம். வளவனூருக்குப் போயி அவரப் பாத்துப் பேசணும்னா பேசு. கட்டுக்காரனோட கட்டுக்காரன் பேசக் கூடாதுன்னு சட்டம் போடல.

கொரவையையாச்சும் புடிச்சிக்கலாமான்னு பொம்பளைங்க திரும்பக் கேட்டாங்க. அது குஞ்சுக்கு எமன்னு எனக்கு இப்பத் தெரியும். கூடாதுன்னுட்டேன்.

டீச்சரு, "வேற எதுனா சொல்லணுமா அம்மணி"ன்றாங்க. ஒண்ணு இருக்கு. ஐப்பசி மழைக்கி ஏரிக்குக் குஞ்சு வேணும். அது ஒன் ஆபீசு வேல. குஞ்ச மட்டும் அனுப்பு.

அம்மணி
கைநாட்டு